பழைய புல்லட்டுக்கு ஒரு செல்ப்

மலைநாட்டில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் அதை இறக்கம் பார்த்தே நிறுத்துவார்கள். ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா எங்கும் இதுதான் வழக்கம். முன் சக்கரத்தடியில் ஒரு கல். காலையில் கல்லை எடுத்துவிட்டு, இரண்டாம் கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்தபடி உருளவிட்டு, வேகம் பிடித்ததும் கிளட்சை விட்டால் இஞ்சின் உயிர்பெற்றுவிடும். தோட்டத்து லொறிச் சாரதிகளும் இதையே செய்தார்கள். பெட்டரி செத்த லொறியைக்கூட மலை எழுப்பிவிடும். செல்ப் ஸ்டார்ட்டர் சமவெளிக்காரர்களுக்குத்தான் தேவை என்று எங்கள் பக்கத்தில் பகிடியாகச் சொல்வதுண்டு.

ஆனால் மலையிலும் சமதரைகள் இருக்கின்றன. தொழிற்சாலை முற்றம், பெற்றோல் நிலையம், பொலிஸ் நிலைய வாசல், பெரட்டுக்களம். அங்கெல்லாம் காலால் உதைத்தே ஆகவேண்டும். என் பழைய ரோயல் என்பீல்ட் புல்லட்டை அந்த உதையிலிருந்து மீட்ட கதையைக் கேட்டு நண்பர்கள் சிலர் விளக்கம் கேட்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட இங்கு எழுதிவிடுவது நல்லதெனத் தோன்றியது.

தோட்டங்களில் மோட்டார் சைக்கிள் முதலில் சின்னத்துரையின் வாகனம். பெரியதுரைக்குக் கார் அல்லது ஜீப். அவருக்கு உதவியாளரான சின்னத்துரைக்கு பீ.எஸ்.ஏ., ஏ.ஜே.எஸ்., ட்ரையம்ப் முதலான ஆங்கிலேய வண்டிகள். நான் சிறுவனாக இருந்த எழுபதுகளின் கடைசியில், 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகி, வெள்ளைக்காரத் துரைமார் போய்விட்டிருந்தார்கள். வண்டிகள் சில போகவில்லை. பள்ளத்தாக்கின் மறுபக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டதும் கொழுந்து பறிக்கும் பெண்கள் அடுத்த மலைக்குக் குரல் கொடுப்பார்கள். ஒற்றைச் சிலிண்டர் வண்டியின் 'டப் டப்' ஓசை வந்து சேர்ந்து, துரை வந்து சேர்வதற்கு இடையில் எப்படியும் ஐந்து நிமிடம் கிடைக்கும். மலைப் பாதை அத்தனை வளைவு.

எங்களைப் போன்ற பிள்ளைகளுக்குப் பிடித்த காட்சி அதுவல்ல. பெரட்டுக்களத்தில் துரையின் வண்டி எழ மறுக்கும் காலை நேரந்தான் பிடிக்கும். முதல் உதைக்கு ஒன்றுமில்லை. மூன்றாவதற்குத் துரை கோட்டைக் கழற்றுவார். ஆறாவதற்குக் கங்காணி முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொள்வார். இருநூறு பேர் சிரிக்காமல் நிற்பது லேசான காரியமல்ல. வண்டி எழாத நாட்களில் அரைப்பேர் விழுந்தவர்கள் அதிகம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பத்திரிகைக்காரனாக அதை நிரூபிக்க என்னிடம் ஆதாரம் ஏதுமில்லை.

இதில் ஒரு விடயம் பிற்காலத்தில்தான் எனக்குப் புலப்பட்டது. அந்த வண்டியை உதைத்து எழுப்பக்கூடியவன் யாரோ அவனே அதை ஓட்டலாம் என்பதுதான் அதன் எழுதாத சட்டம். நல்ல உயரம், நல்ல எடை, தடித்த சப்பாத்து, உறுதியான முழங்கால். எங்கள் லயத்து மனிதர்களில், அதிலும் பெண்களில், இவை நான்கும் ஒருங்கே அமைந்தவர் எத்தனை பேர்? இன்று காலை ஏழு மணிக்குக் கொட்டகலைச் சந்தியில் நின்றால், தோட்டப் பாடசாலைக்குப் போகும் ஆசிரியைகள் ஸ்கூட்டரில் வருவதைப் பார்க்கலாம். அவர்களின் தாய்மார் கூடை சுமந்தவர்கள். பெருவிரலால் ஒரு பொத்தானை அழுத்துகிறார்கள், போகிறார்கள். உதையில்தான் வீரம் இருக்கிறது என்று வாதாடும் என் நண்பர்கள் ஒருநாள் அந்தச் சந்தியில் வந்து நிற்கவேண்டும்.

என் வண்டி துரைமார் விட்டுச் சென்றதல்ல. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் செய்யப்பட்ட 350 சீசீ புல்லட். மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து ரோயல் என்பீல்டோடு கூட்டுச் சேர்ந்து 1955இல் என்பீல்ட் இந்தியாவை ஆரம்பித்தது. இங்கிலாந்தில் தாய் நிறுவனம் மறைந்த பின்னரும் சென்னையில் பிள்ளை பிழைத்தது. சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீற்றர், பிஸ்டனின் ஓட்டம் 90 மில்லிமீற்றர். கணக்குப் பார்த்தால் 346 சீசீ. கியரும் வலக்காலுக்கு, கிக்கரும் வலக்காலுக்கு. செய்தி சேகரிக்க நான் போன தோட்டங்களில் பாதிக்குமேல் இந்த வண்டியில்தான் போனேன்.

புல்லட்டை எழுப்புவதற்கு ஒரு முறை உண்டு. பெட்ரோல் தாங்கிக்கு முன்னால், ஹெட்லைட் பெட்டியின் மேல், சிறிய அம்மீற்றர் ஒன்று இருக்கும். சாவியைத் திருகிவிட்டுக் கிக்கரை மெதுவாகக் காலால் அமுக்கிக்கொண்டே அதன் முள்ளைப் பார்க்கவேண்டும். இக்னிஷன் பொயின்ற் மூடியிருக்கும்போது மின்சாரம் ஓடுவதால் முள் ஒருபக்கம் சாயும். பொயின்ற் திறக்கும் கணத்தில் முள் நடுவுக்குத் திரும்பும். பிஸ்டன் அமுக்கத்தின் உச்சிக்கு வந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். அப்போது சிறிய டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து, அடைபட்ட காற்றை வெளியே விட்டு, பிஸ்டனை உச்சிக்குச் சற்று அப்பால் தள்ளிவிட்டு, லீவரை விடவேண்டும். கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு முழு உடலின் எடையையும் அதில் போடவேண்டும். அடுத்த அமுக்கம் வருவதற்குள் பறக்கும் சக்கரத்துக்கு வேகம் கிடைத்துவிடும். இது புரியாமல் வெறும் பலத்தால் உதைப்பவனைப் புல்லட் திருப்பி உதைக்கும். தீப்பொறி முந்திக்கொண்டால் பிஸ்டன் உச்சியைத் தாண்டாமலே பின்னோக்கித் தள்ளப்பட்டு, கிக்கர் காலின்மேல் வந்து அறையும். கணுக்கால் உடைந்தவர்களை நான் அறிவேன்.

உயரமான இடத்தில் இன்னொரு சங்கதியும் சேர்கிறது. ஹட்டன் 1,270 மீற்றர் அளவில் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர். நுவரெலியாவில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். கொழும்பில் சரிபார்த்த கார்புரேற்றர் இங்கே காற்றுக் குறைவால் பெற்றோலைக் கூடுதலாக ஊட்டிவிடும், பிளக் கரிபிடிக்கும், வண்டி உதைக்கு இணங்காது. மெல்லிய காற்றில் அமுக்கமும் சற்றுக் குறைவதால் கிக்கர் ஓரளவு இலகுவாக இறங்கும். ஆனால் கூடுதலாகப் பத்து உதை உதைக்க வேண்டியிருந்தால் அந்தச் சலுகையால் என்ன பயன்?

2022இல் என் வலது முழங்காலின் சவ்வு கிழிந்தது. வண்டியால் அல்ல, படிக்கட்டில். எலும்பு மருத்துவர் நடக்கலாம், ஏறலாம், உதைக்கக்கூடாது என்றார். அது எரிபொருள் பஞ்சத்தின் ஆண்டு என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். வாரத்துக்கு 4 லீற்றர் என்று மோட்டார் சைக்கிளுக்குப் பங்கீடு வந்த காலம். வரிசையில் நிற்கும்போது இஞ்சினை ஓடவிட முடியாது. நிறுத்தி, பத்தடி தள்ளி, மறுபடி நிறுத்தி, எரிபொருள் கிடைத்த பின் சமதரையில் சூடான இஞ்சினை உதைத்து எழுப்பவேண்டும். பின்னால் நின்ற இளைஞர்கள் இரண்டொரு தடவை எனக்காக உதைத்துத் தந்தார்கள். "அங்கிள், வித்துட்டு ஸ்கூட்டி ஒன்னு எடுங்க" என்றும் அன்போடு சொன்னார்கள்.

எடுத்திருக்கலாந்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரி வரை அந்தக் கதவு முழுதாகத் திறக்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் பழைய ஸ்கூட்டருக்குக் கேட்ட விலை என் சம்பளக்காரனின் புத்திக்கு எட்டவில்லை. வண்டியை விற்றுவிட்டு பஸ்ஸில் போகலாம். ஆனால் கடைசி பஸ் போன பிறகுதான் தோட்டங்களில் செய்திகள் நடக்கின்றன. ஆக, என்முன் இருந்தது அழகியல் பிரச்சினை அல்ல. வேலையைத் தொடர்வதா, வீட்டில் உட்கார்ந்து தொலைபேசியில் செய்தி கேட்டு எழுதுவதா என்பதுதான்.

"செல்ப் போட்ட புல்லட் புல்லட்டே இல்லை" என்றார் கண்டியிலிருக்கும் ஒரு நண்பர். இவ்வகைப் பக்தர்களுக்குச் சரித்திரத்தில் அக்கறை குறைவு. அமெரிக்காவில் மோட்டார் கார்களை முன்னால் நின்று கைப்பிடியால் சுழற்றி எழுப்பிய காலத்தில், பைரன் கார்ட்டர் என்ற கார் உற்பத்தியாளர் 1908இல் இறந்தார். வழியில் நின்றுபோன காரைச் சுழற்றப்போய், கைப்பிடி திருப்பி அடித்த காயத்தால் இறந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கடிலாக் நிறுவனத் தலைவர் ஹென்றி லீலண்ட் அவருடைய நண்பர். சார்ள்ஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டுக் கடிலாக் கார்களில் வந்தது.

மோட்டார் சைக்கிளுக்கும் அது தாமதமாக வரவில்லை. அமெரிக்காவின் இண்டியன் நிறுவனம் 1914இலேயே ஹெண்டீ ஸ்பெஷல் என்ற வண்டியில் செல்ப் வைத்தது. அக்காலத்துப் பெட்டரிகள் ஈடுகொடுக்கவில்லை. அந்த மாதிரி விரைவிலேயே கைவிடப்பட்டது. ஹார்லி டேவிட்சன் அரை நூற்றாண்டு கழித்து, 1965இல்தான் தன் பெரிய வண்டிக்கு செல்ப் கொடுத்து, அதற்கு எலெக்ட்ரா கிளைட் என்று பெயரிட்டது. இடையில் ஜப்பானியர் சிறிய ஹொண்டாக்களில் அதைச் சர்வசாதாரணமாக்கிவிட்டிருந்தார்கள்.

என் கதைக்கு நெருக்கமான உதாரணம் நோர்ட்டன் கொமாண்டோ. 828 சீசீ, இரட்டைச் சிலிண்டர், உதைப்பதற்குப் பேர்போன முரட்டு வண்டி. 1975இல் அதன் மூன்றாம் மார்க் மாதிரிக்கு நிறுவனம் அவசர அவசரமாக செல்ப் பொருத்தியது. மோட்டார் பலவீனம், மின்கம்பி மெல்லிசு. குளிர்ந்த இஞ்சினை அது சோம்பலாக ஒருமுறை புரட்டிவிட்டு ஓய்ந்துவிடும். அது ஸ்டார்ட்டர் அல்ல, உதைப்பவனுக்கு ஒரு கைலாகு என்று ஓட்டுநர்கள் கேலி செய்தார்கள். பிற்காலத்தில் அதே மோட்டாரின் உட்பாகங்களை மாற்றி, தடித்த கம்பி போட்டு, நல்ல பெட்டரி வைத்தவர்களுக்கு அது ஒழுங்காக வேலை செய்தது. பிரான்சிலிருக்கும் ஆல்டன் என்ற சிறு நிறுவனம் பழைய கொமாண்டோக்களுக்கென்றே செல்ப் பொருத்தும் தொகுதியைச் செய்து விற்கிறது. அதை வாங்குபவர்கள் யார்? இளமையில் அதே வண்டியை உதைத்தவர்கள். வண்டிக்கு வயது ஏறவில்லை, முழங்காலுக்கு ஏறிவிட்டது.

எதிர்ப்பக்கத்தில் யமஹா எஸ்.ஆர். 400 நிற்கிறது. 1978 முதல் 2021 வரை உதை ஒன்றையே நம்பி ஓடிய வண்டி. பிஸ்டன் சரியான இடத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க இஞ்சினின் தலையில் ஒரு சிறு கண்ணாடிச் சாளரம் வைத்திருந்தார்கள். எங்கள் அம்மீற்றர் முள்ளுக்கு ஜப்பானிய உறவு. புல்லட்டோ இரு தோணியிலும் கால் வைத்தது. 2020இல்கூட உதைக்கும் புல்லட்டும் செல்ப் புல்லட்டும் பக்கத்துப் பக்கத்தில் விற்பனையாயின. 2023இல் வந்த புதிய புல்லட்டில் கிக்கரே இல்லை. 1932 முதல் புல்லட் என்ற பெயரோடு ஒட்டிவந்த உறுப்பு அது. தொழிற்சாலையே கழற்றிவிட்ட பிறகு என் நண்பர் யாருக்காகக் காவல் காக்கிறார் என்பது விளங்கவில்லை.

ஹட்டனில் ஒரு கராஜ் பாஸிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தோட்டத் தொழிற்சாலையில் டீசல் இஞ்சின்களைப் பார்த்துப் பழகியவர். செல்ப் போடவேண்டும் என்றேன். அவர் வண்டியைச் சுற்றிவந்து ஒரே கேள்விதான் கேட்டார்.

"எத்தன கிக்குல எந்திரிக்குது தம்பி?"

"நல்ல நாள்ல நாலு. பனி நாள்ல பத்து, பன்னண்டு."

"அப்ப செல்ப் வேணாம். ஒரு கிக்குல எந்திரிக்கிற மாதிரி மொதல்ல ஆக்குவோம். பெறகு பேசுவோம்."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. உதைக்க முடியாமல்தானே செல்ப் கேட்கிறேன், ஒரு உதையில் எழுந்தால் செல்ப் எதற்கு? அவர் விளக்கியபோது புரிந்தது. வண்டிக்கு உள்ளே இருக்கும் நோயை செல்ப் குணப்படுத்தாது. பன்னிரண்டு உதை கேட்கும் இஞ்சின் மோட்டாரிடமும் பன்னிரண்டு உதை கேட்கும். காலுக்குக் களைப்புத் தெரியும், நிறுத்திவிடும். மோட்டாருக்குத் தெரியாது, பெட்டரி சாகும்வரை சுற்றும். ஒரு குதிரைவலு மோட்டார் என்று வைத்துக்கொள்வோம். அது 746 வாட். 12 வோல்ட்டில் அதற்கு 60 ஆம்பியருக்கு மேல் வேண்டும்; வீணாவதையும் சேர்த்தால் இன்னும் கூட. பழைய வண்டிகளின் 6 வோல்ட்டில் என்றால் அதுவே இரட்டிப்பு. தலைவிளக்குக்கு நாலைந்து ஆம்பியர் கொடுத்துப் பழகிய கம்பிகளுக்கு இது பிள்ளையார் எறும்பின்மேல் ஏறின கதை.

அதைவிட நுட்பமான ஆபத்து ஒருவழிக் கிளட்சில் இருக்கிறது. மோட்டார் இஞ்சினைச் சுழற்றவேண்டும். இஞ்சின் ஓடத் தொடங்கியபின் மோட்டாரைத் தன்னோடு இழுத்துச் செல்லக்கூடாது. அதற்காகச் சிறு சிறு உருக்குக் கட்டைகள் வளையமாக அடுக்கிய ஒரு பாகத்தை இடையில் வைக்கிறார்கள். ஒரு திசையில் அவை சரிந்து வழிவிடும். மறு திசையில் நிமிர்ந்து ஆப்பைப் போல இறுகிக்கொள்ளும். தீப்பொறி முந்தி, பிஸ்டன் பின்னோக்கி அடித்தால் அந்த அடி முழுதும் இந்தக் கட்டைகளின்மேல் இறங்கும். முன்பு என் கணுக்காலைத் தாக்கியது இப்போது அதைத் தாக்கும். பலவீனமான பெட்டரியால் மெதுவாகச் சுற்றும்போது இந்த அடி இன்னும் எளிதில் நிகழும். செல்ப் வைத்த ஆரம்பகாலப் புல்லட்டுகளின் தீராத தலைவலி இந்தக் கிளட்சுதான். தொழிற்சாலையில் செய்தவர்களுக்கே அந்தக் கதி.

ஆகவே பாஸ் இரண்டு மாதம் செல்ப் பக்கமே போகவில்லை. பொயின்ற், இக்னிஷன் நேரம், வால்வ் இடைவெளி, கார்புரேற்றருக்கு மலைக்கேற்ற சிறிய ஜெற், தொய்ந்த முதன்மைச் சங்கிலி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். வயரிங் முழுவதையும் புதிதாக இழுத்தார். ஒருநாள் காலை அவருடைய உதவிப் பையன், ஐம்பது கிலோ கூட இருக்கமாட்டான், முள்ளைப் பார்த்து, லீவரைப் பிடித்து, ஒரே உதையில் எழுப்பிக் காட்டினான். துரைமாரின் எடையும் உயரமும் ஓரளவுக்குத்தான் தேவைப்பட்டிருக்கின்றன. மீதியெல்லாம் கவனிக்கப்படாத இஞ்சின்.

பிறகுதான் பொருத்தும் வேலை. மலிவான வழி ஒன்று இருந்தது: செல்ப் உள்ள பிந்திய மாதிரியின் இஞ்சினையே தூக்கி வைப்பது. ஆனால் இஞ்சின் இலக்கம் கிராங்க் கேஸில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதை மாற்றினால் பதிவுப் புத்தகத்தோடு பொருந்தாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு நடக்கவேண்டும், வீதியில் மறிக்கும் ஒவ்வொரு பொலிஸ்காரருக்கும் விளக்கம் சொல்லவேண்டும். கிராங்க் கேஸைத் தொடாமலே செய்யவேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். உறவினர் ஒருவர் சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் அலைந்து மோட்டார், ஒருவழிக் கிளட்ச், பல்சக்கரங்கள், இடப்பக்கச் சங்கிலி உறை ஆகியவற்றை வாங்கிவந்தார். விமான நிலையத்தில் அந்த மோட்டார் என்னவென்று விளக்குவதற்கு அவர் பட்ட பாடு தனிக்கதை.

மோட்டார் சிலிண்டருக்குப் பின்னால், கியர்ப் பெட்டியின் மேலே உட்காரவேண்டும். அதற்கு உருக்குத் தகட்டில் ஒரு தாங்கியை வெட்டி ஒட்டினார்கள். கிராங்கின் இடப்பக்க அச்சில் புதிய பல்சக்கரத்துக்கு இடம் காண்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. கடைசல் பட்டறையில் ஒரு துண்டைக் கடைவதும், பொருத்திப் பார்ப்பதும், மறுபடி கடைவதுமாக ஐந்து தடவை. மின்கம்பியைப் பற்றிப் பாஸ் கண்டிப்பாக இருந்தார். பெட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போவது சின்னிவிரல் தடிப்பில் தனிக்கம்பி. அது அம்மீற்றர் வழியாகப் போகாது, தனி ரிலே வழியாகப் போகும். அம்மீற்றர் வழியாக விட்டிருந்தால் முள் அன்றைக்கே உயிரை விட்டிருக்கும். மொத்தச் செலவை இங்கே எழுதுவதாக இல்லை. வீட்டிலும் இதை வாசிக்கிறார்கள்.

2023 முதல் வண்டி இப்படித்தான் ஓடுகிறது. கிக்கரை எடுக்கவில்லை. ஜனவரியில் நுவரெலியாவில் புல்வெளி வெள்ளையாக உறைந்துகிடக்கும் காலைகளில் எண்ணெய் தடித்துவிடும், பெட்டரியின் வலுவும் குறையும். அந்த நேரத்தில் கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்கி, முள் நடுவுக்கு வந்ததும் டீகம்ப்ரஷரைப் பிடித்துப் பிஸ்டனை உச்சிக்கு அப்பால் வைத்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்துகிறேன். பழைய முறைதான், உதை மட்டும் இல்லை. அப்படிச் செய்தால் மோட்டாருக்குச் சுமையும் குறைவு, கிளட்சுக்கு அடியும் விழாது.

குறை இல்லாமல் இல்லை. தோட்டப் பாதையில் முதலாம், இரண்டாம் கியரில் ஊர்ந்து, மழை மூட்டத்துக்காகப் பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு போனால், பெட்டரிக்குள் போவதைவிட வெளியே வருவதே அதிகம். மூன்று தோட்டங்களில் நிறுத்தி நிறுத்தி எழுப்பினால் நாலாவது இடத்தில் மோட்டார் முனகும். ஆகவே ஹட்டன் வரும்போது திம்புள்ளப் பக்கம் சுற்றி, பிரதான வீதியில் கொஞ்சத் தூரம் வேகமாக ஓட்டி வருவேன். வண்டியை இப்போதும் இறக்கம் பார்த்துத்தான் நிறுத்துகிறேன்; அதற்கு எந்த மோட்டாரும் ஈடாகாது.

சென்ற மாதம் கராஜுக்குப் போனபோது, ஓய்வுபெற்ற தோட்டப் பெரிய கிளார்க் ஒருவர் ஒரு பழைய பீ.எஸ்.ஏ.யைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். துரை ஒருவர் போகும்போது விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனதாம். எழுபது வயதைத் தாண்டியவர். என் வண்டியைக் காட்டி, இதேபோல் தனக்கும் ஒரு செல்ப் வேண்டும் என்றார்.

"எத்தன கிக்குல எந்திரிக்குதுங்க ஐயா?" என்றார் பாஸ்.

பெரியவர் சற்று யோசித்தார். "அது எந்திரிச்சே மூணு வருசமாச்சு."

பாஸ் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, கதிரை ஒன்றை அவர் பக்கம் இழுத்துப் போட்டார்.